ஒரு பிடி கல் உப்பு

இரவு பத்து மணிக்கு மேல் இருக்கும். நம் தீவின் பெல் ஆன்ஸ் மேட்டிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் மண் சாலை. ஒரு பக்கம் முள் வேலி... மறுபக்கம் கல்லறைகள். நிலா இல்லை. அந்தச் சாலையில் எஸ்லின் தனியாக இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

கையில் விளக்கு இல்லை. வேண்டுமென்றே கொண்டுவரவில்லை.

பாதி வழியில் அவளுக்குப் பின்னால் சரளை நெரிந்தது. சரக்... பிறகு ஓர் இழுப்பு. சரக்... மறுபடி ஓர் இழுப்பு. இடது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து நடக்கிற நடை. பவளப்பாறை கிழித்த கால் அப்படித்தான் நடக்கும். ஊரில் அப்படி நடந்தவன் ஒருவன்தான்.

அவனைப் புதைத்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

எஸ்லின் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடவும் இல்லை. கூட வருகிறவன் பின்தங்கிவிடக் கூடாதே என்பதுபோல் நிதானமாக நடந்து, தன் வீட்டு வாசலுக்கு வந்தாள். இருட்டிய பிறகு வீடு திரும்பினால் நாமெல்லாம் என்ன செய்வோம்? வாசலில் திரும்பி நின்று, சாலையைப் பார்த்தபடி, பின்பக்கமாக நடந்து உள்ளே போவோம். கூட வந்தது எதுவானாலும் நம் முகத்தைப் பார்த்து வெளியிலேயே நின்றுவிடும். பக்கத்து வீட்டு பெர்சி, தலைகால் புரியாமல் குடித்துவிட்டு வருகிற நாளில்கூட, தடுமாறித் தடுமாறிப் பின்பக்கமாகத்தான் படியேறுவான்.

எஸ்லின் நேராக நடந்து உள்ளே போனாள். கதவைச் சாத்தவும் இல்லை.

சரக்... வாசல் வரை வந்தது. சற்று நின்றது. பிறகு மரத்தரையில், ஓர் இழுப்பு...

யாராவது அடுப்பைக் கொஞ்சம் தூண்டிவிடுங்கள். இன்னும் நெருங்கி உட்காருங்கள். இது யாரோ எங்கோ சொன்ன கதை இல்லை. என் சிநேகிதி வெர்லினின் சித்தி மகள்தான் இந்த எஸ்லின். வெர்லின் பொய் சொல்லத் தெரியாதவள். அதனாலேயே அவளுக்கு இரண்டு வரன் தட்டிப்போனது.

ரோஷல், சற்று முன் களிச் சட்டிக்கு மேல் உப்போடு நீட்டினாயே, உன் கையைத் தட்டிவிட்டேன். "ஒரு சிட்டிகைதானேக்கா, யாருக்குத் தெரியப் போவுது?" என்று சிரித்தாய். நாளைக்கு உனக்குக் கல்யாணம். இன்று ராத்திரி செத்துப்போன உன் அப்பாவுக்குத் தட்டு வைக்கிறோம். கல்யாணப் பெண்ணைத் திட்டக் கூடாது. அதனால் கதையாகச் சொல்கிறேன்.

எஸ்லினின் புருஷன் காஸ்மஸ், சங்கு குளிக்கிறவன். கரியாகூ தீவிலேயே அவ்வளவு நீளமான மூச்சு வேறு யாருக்கும் கிடையாது என்பார்கள். அவளைப் பெண் கேட்டு வந்த அன்று பூ வாங்கி வரவில்லை. சொட்டச் சொட்ட ஒரு சங்கைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தான், உள்ளே சதை நெளிந்துகொண்டிருந்தது. "பொண்ணு கேக்க வந்தியா, இல்ல சமைச்சுப் போடச் சொல்ல வந்தியா?" என்று அவள் அப்பா கேட்டாராம். "ரெண்டுக்கும்தான் மாமா" என்றானாம். அந்த ஒரு பதிலில் எஸ்லின் விழுந்துவிட்டாள்.

காஸ்மஸுக்கு அம்மா மட்டும்தான். லவீனியா. மேட்டு வீட்டில் தனியாக இருந்தாள். ஒற்றைப் பிள்ளையைப் பெற்றவள். அவனுக்குக் கல்யாணம் செய்து வைத்தாளே தவிர, விட்டுக் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மேட்டு வீட்டில்தான் சாப்பாடு. அங்கே மாமியாருக்கும் மருமகளுக்கும் வாரம் தவறாமல் ஒரு சுற்று நடக்கும்.

"என் பையன் கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சே. உங்க வீட்டுல அடுப்பு எரியுதா, இல்ல சும்மா அழகுக்கு வச்சிருக்கியா?"

"நீங்க ஊட்டி ஊட்டி ஏத்தினது இப்பதான் அத்தை வடியுது. கதவுல நேரா நுழையறான் பாருங்க இப்பல்லாம்."

காஸ்மஸ் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருப்பான். "சண்டையை நிறுத்த வேணாம். அந்த உப்பை மட்டும் இந்தப் பக்கம் தள்ளிட்டு அப்புறம் போடுங்க" என்பான். உப்பு என்றால் அவனுக்கு உயிர். நாள் முழுக்கக் கடலில் கிடக்கிறவன், வீட்டுக்கு வந்தும் சோற்றைக் கடலில் முக்கி எடுத்ததுபோல்தான் சாப்பிடுவான். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று நாம் சும்மா சொல்கிறோம். அவன் நிஜமாகவே தட்டைத் தள்ளிவிடுவான்.

கல்யாணமாகி முழுசாக ஒரு வருடம்கூட இல்லை. ஒரு காலை, பாறைத் திட்டுக்கு வெளியே குதித்தவன் மேலே வரவில்லை. மத்தியானத்துக்கு மேல் கொண்டுவந்தார்கள். இடுப்பில் கட்டியிருந்த வலைப்பை நிறையச் சங்கு. எஸ்லின் அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள், லவீனியா காலைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரையும் பிரித்து எடுக்க ஊரே சேர வேண்டியிருந்தது.

ஒரு வருடம் கழித்து, நம் வழக்கப்படி, கல் நடுகிற நாள் வந்தது. ஆடு வெட்டி, மேளம் கட்டி, கல்லறையில் ரம்மும் தண்ணீரும் தெளித்தாயிற்று. கல் நட்டுவிட்டால் அதற்குமேல் செத்தவன் இங்கே அலைய மாட்டான். அன்று ராத்திரி தட்டில் வைத்ததைச் சாப்பிட்டுவிட்டுக் கடல் தாண்டிப் போய்விடுவான். அவ்வளவுதான். பிறகு கூப்பிட்டாலும் வர மாட்டான்.

அதைத்தான் எஸ்லினால் தாங்க முடியவில்லை.

மேட்டு வீட்டு முற்றத்தில், இதோ நாம் உட்கார்ந்திருக்கிறோமே, இப்படித்தான் பெண்கள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சோளமாவுக் களியை உருட்டிக்கொண்டிருந்தார்கள். லவீனியா கரண்டியும் கையுமாக ஒவ்வொரு சட்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"உப்பு யாரும் தொடலியே? நம்ம ஆளுங்க ஆப்பிரிக்காலருந்து அடிமையா கப்பல்ல அடைச்சுக் கொண்டாந்தவங்க. செத்தாதான் வீட்டுக்குப் போறாங்க. வயித்துல உப்பு விழுந்துதுன்னா உடம்பு கனத்துடும். கடலைத் தாண்ட முடியாது. கரையிலேயே நிக்கணும்."

கரையிலேயே நிக்கணும். எஸ்லின் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நிற்கட்டுமே என்று நினைத்தாள். என் கரையில் நிற்கட்டுமே.

அவள் உருட்டிய உருண்டைக்கு நடுவில் ஒரு பிடி கல் உப்பு போயிற்று. அதைத்தான் தட்டின் நடுவில் வைத்தாள். வெள்ளைத் துணி விரித்த மேசை, மெழுகுவர்த்தி, வறுத்த மீன், ஒரு கிளாஸ் ரம், ஒரு கிளாஸ் தண்ணீர். கதவைச் சாத்தினார்கள். விடியும்வரை யாரும் திறக்கக் கூடாது. எஸ்லின் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து, விளக்கில்லாமல், கல்லறைப் பக்கத்துச் சாலையில் இறங்கினாள். மிச்சத்தைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

அந்த முதல் இரவு எஸ்லின் தூங்கவில்லை. தூங்க விருப்பமில்லை. கட்டிலில் அவன் பக்கம் மெத்தை மெல்ல அமுங்கியது. வாசனை வந்தது... வெயிலில் காயப்போட்ட சங்குச் சதையின் வாசனை. காஸ்மஸ் வேலைவிட்டு வரும்போது அவன் கழுத்தில் இருக்குமே, அதே வாசனை. "வந்துட்டியா?" என்றாள் இருட்டில். கொஞ்ச நேரத்தில் தலைமாட்டில் வைத்திருந்த தண்ணீர்க் கிளாஸ் மரப்பலகையில் மெதுவாக நகர்ந்தது. களக்... களக்... ஒரு தொண்டை விழுங்கும் சத்தம்.

காலையில் கிளாஸ் காய்ந்திருந்தது. அடியில் வெள்ளையாக ஒரு வளையம்.

எஸ்லின் சிரித்தாள். உப்பு தின்றவன் தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும்! மறுநாள் இரவு கூஜா நிறைய வைத்தாள். எலுமிச்சம் இலை ஒன்று கிள்ளிப் போட்டு வைத்தாள், அவனுக்குப் பிடிக்கும் என்று. தலை வாரிக்கொண்டாள். கல்யாணத்துக்குத் தைத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். அடுத்து வந்த இரவுகளில், அன்றன்று நடந்த கதையெல்லாம் இருட்டோடு பேசினாள். பெர்சி படகைத் தலைகீழாகக் கட்டியது, அத்தை பூசையில் தூங்கி விழுந்தது, எல்லாம்.

அவன் கேட்டானோ என்னவோ. அவன் உட்காரவே இல்லை, அதுதான் விஷயம். கட்டிலிலிருந்து கதவுக்கு... கதவிலிருந்து கூஜாவுக்கு... கூஜாவிலிருந்து ஜன்னலுக்கு. சரக்... இழுப்பு. கடல் பக்கத்து ஜன்னலில் வெகுநேரம் நிற்பான். பிறகு மறுபடி கூஜா. இரவு முழுக்க ஓய்வில்லை. கூஜா போதவில்லை, வாளி வைத்தாள். வாளி போதவில்லை. ஒரு நாள் பின்கட்டில் மழைத்தொட்டியின் மூடி தானாக நகரும் சத்தம் கேட்டது.

மாசி, பங்குனி வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆறா, ஓடையா, என்ன இருக்கிறது நம் தீவில்? கூரைத் தகரத்தில் விழுந்து தொட்டியில் சேர்ந்த மழைதான் அடுத்த மழை வரைக்கும் உயிர். எஸ்லினின் தொட்டி வற்றியது. பிறகு அடுத்த வீடு. பிறகு அதற்கடுத்தது. ஊரில் ஒருவரை ஒருவர் முறைக்க ஆரம்பித்தார்கள். தொட்டி மூடிகளுக்குப் பூட்டுப் போட்டார்கள். பூட்டு பூட்டியபடியே இருக்கும், தண்ணீர் மட்டும் இருக்காது.

பெர்சி வெட்டுக்கத்தியைத் தீட்டினான். "எவன்டா அவன், தண்ணித் திருடன்? இன்னிக்கு அவன் கையா, என் கத்தியான்னு பாத்துடறேன்."

"அவன் கை இருக்கட்டும். நீ அந்த ரம் பாட்டில்ல கை வைக்காம இரு முதல்ல" என்றாள் அவன் மனைவி நோலா. இடுப்பில் கைக்குழந்தை, தாடையில் கோபம்.

பெர்சி ஒரு யோசனை செய்தான். தொட்டிக்குப் பக்கத்தில் காவல் இருந்தால்தானே ஏமாற்ற முடியும்? மூடிமேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டால்? அப்படியே உட்கார்ந்தான். மடியில் கத்தி. சத்தியமாக அன்று குடிக்கவில்லை என்று இன்றுவரை சொல்கிறான், நானும் நம்புகிறேன். நடுநிசி தாண்டியது. நாய்கள் ஒவ்வொன்றாக அடங்கின. காற்று நின்றது. சங்குச் சதை காயும் வாசனை வந்தது...

அப்புறம்... அவன் உட்கார்ந்திருந்த பலகைக்கு நேர் கீழே...

களக். களக். களக்.

மூடிய தொட்டிக்குள்ளே, இருட்டில், யாரோ தொண்டை முட்டக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

பெர்சி எழுந்து ஓடினான். கத்தி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். கதவை முட்டித் திறந்து, நேராக, மூக்கு முன்னால் போக, வீட்டுக்குள் பாய்ந்தான்.

நோலா எழுந்து உட்கார்ந்தாள். முதலில் அவள் கேட்டது என்ன நடந்தது என்று இல்லை. "பாவி மனுஷா... நேராவா உள்ள வந்த?"

பெர்சி திரும்பி வாசலைப் பார்த்தான். கதவு திறந்து கிடந்தது. தரைப்பலகை ஒன்று கிறீச்சிட்டு அமுங்கியது. பிறகு ஓர் இழுப்பு.

மறுநாளிலிருந்து குழந்தைக்கு முடியவில்லை. காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை. அழும், ஆனால் கண்ணில் ஒரு சொட்டு வராது. பால் குடிக்கக் குடிக்க நாக்கு பஞ்சுபோல் வறண்டது. நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, சாயங்காலப் படகில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றாள். அன்று கடல் கொந்தளிப்பு, படகு வரவில்லை.

எஸ்லின் குழந்தையைப் பார்க்கப் போனாள். கையில் வாங்கினாள். இலவம்பஞ்சு மாதிரி கனமே இல்லை. உதட்டோரம் ஏதோ வெள்ளையாக இருந்தது. பால் என்று நினைத்து விரலால் துடைத்தாள். சொரசொரவென்று இருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

உப்பு.

வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். "காஸ்மஸ், அது கொழந்தை. அதுக்கிட்ட என்ன இருக்கு? என்கிட்ட எடுத்துக்கோ." இருட்டத் தொடங்கியிருந்தது. அறையில் அந்த வாசனை வந்தது. அவள் கன்னத்தில் ஏதோ பட்டது. பூனை நாக்கு மாதிரி, வறண்டு, சொரசொரவென்று. கண்ணீர் வழிந்த கோட்டின் மேலேயே மெதுவாக, கீழிருந்து மேலே... ஒரு கன்னம். பிறகு மறு கன்னம்.

இத்தனை நாளில் அவன் அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் அவளுக்காக இல்லை என்று அப்போதுதான் எஸ்லினுக்கு உறைத்தது. கண்ணீரும் உப்புதானே. குடிக்கக் குடிக்க அவன் தாகம் கூடிக்கொண்டேதான் போகும். இவள் அழ அழ அவனுக்கு விமோசனம் இல்லை.

அவள் மேட்டுக்கு ஓடினாள்.

லவீனியா அடுப்படியில் உப்பில்லாக் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். ரத்தக் கொதிப்பு. அந்த வீட்டில் உப்பு புழங்கி மாதக்கணக்கு ஆகியிருந்தது. எஸ்லின் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அடி விழும் என்று எதிர்பார்த்தாள். விழவில்லை.

"எவ்வளவு போட்ட?"

"ஒரு பிடி, அத்தை."

கரண்டி நின்றது. "வந்தானா? உன்கிட்ட வந்தானா?"

"தெனமும்."

லவீனியா கஞ்சிச் சட்டியை ஓரமாகத் தள்ளி வைத்தாள். "நானும் அன்னிக்கு வாசல்ல விளக்கு வச்சிட்டுதான் உக்காந்திருந்தேன். இந்த வீட்டுலதான தின்னான். தின்னுட்டு, என்னைத் தாண்டி உன் பின்னால வந்திருக்கான்." மூக்கை உறிஞ்சினாள். "பெத்தது நான்."

"தப்புதான் அத்தை. அந்தக் கொழந்தை செத்துடும் அத்தை."

"எந்திரி" என்றாள் லவீனியா. "இன்னிக்கே இன்னொரு தட்டு வைக்கணும். உப்பில்லாம. அதைத் தின்னா கனம் எறங்கும், போயிடுவான். நீ கையே வைக்கக் கூடாது. நீ அழுவ. ஒரு சொட்டு விழுந்தாலும் அதுவும் உப்புதான். நான் பாத்துக்கறேன். நீ வெளிய உக்காரு."

செய்தி கேட்டு ஊர்ப் பெண்கள் சிலர் வந்தார்கள். வெர்லினும் வந்தாள். எல்லோருக்கும் ஒரே கவலைதான்: எஸ்லின் மறுபடி ஏதாவது செய்துவிடுவாளோ. அவள் கைகளைக் கழுவச் சொன்னார்கள். சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார்கள். வாசற்படியில் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார வைத்தார்கள். உள்ளே லவீனியா தனியாகக் களி கிண்டினாள், தனியாக உருட்டினாள், தட்டு வைத்தாள். வழக்கத்துக்கு மாறாக, தானும் அந்த அறையிலேயே இருந்து கதவைச் சாத்திக்கொண்டாள். பெற்ற தாய், வழியனுப்ப அவளுக்கு இல்லாத உரிமையா என்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நடுநிசிக்கு மேல் சாலையில் சரளை நெரிந்தது.

சரக்... இழுப்பு. முற்றத்தைக் கடந்தது. படிகளில் ஏறியது. பெண்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்கள். எஸ்லின் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் அது நின்றது. தலைமுடியில் காய்ந்த விரல் ஒன்று பட்டதுபோல் இருந்தது. அழக் கூடாது. அவள் உதட்டைக் கடித்தாள், ரத்தம் வரும்வரை கடித்தாள், அழவில்லை. "போ" என்றாள். "போயிட்டு வான்னு சொல்ல மாட்டேன். போ."

பின்னால் கதவு திறந்து மூடியது.

உள்ளே மெல்லும் சத்தம். அதோடு லவீனியாவின் குரல், தணிவாக, விட்டுவிட்டு. பிள்ளைக்கு ஊட்டும்போது அம்மாக்கள் முணுமுணுப்பார்களே, அந்த மாதிரி. ஜெபம் சொல்கிறாள் என்று வெளியே இருந்தவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

விடியற்காலையில் முதல் துளி தகரத்தில் விழுந்தது. டப். பிறகு இன்னொன்று. பிறகு பேச்சுக் குரல்கூடக் கேட்காத அளவுக்குக் கொட்டியது. காலம் தப்பிய மழை. ஊரே தெருவில் நின்று நனைந்தது. பெர்சி வீட்டில் குழந்தை வீறிட்டு அழுதது, கன்னமெல்லாம் கண்ணீராக. நோலா அந்தக் கண்ணீரைத் துடைக்க மறுத்துவிட்டாள். "வழியட்டும், வழியட்டும்" என்று தானும் சேர்ந்து அழுதாள்.

அன்றிரவு எஸ்லின் தலைமாட்டில் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்தாள். காலையில் அப்படியே இருந்தது. அந்த முழுக் கிளாஸைப் பார்த்துவிட்டு அவள் அழுத அழுகைதான் உண்மையான இழவு என்பாள் வெர்லின்.

கொஞ்ச நாளில் எஸ்லின் இங்கிலாந்தில் இருந்த அக்காவிடம் போகத் தீர்மானித்தாள். துறையில் வழியனுப்ப லவீனியா வந்திருந்தாள். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

"அங்கயாவது அடுப்பு எரியட்டும்" என்றாள் லவீனியா.

"வந்து பாருங்க அத்தை, எரியுதா இல்லையான்னு."

"நான் எங்கடி வரது?" லவீனியா அவள் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தாள். முகம் அப்படி ஒரு நிறைவாக இருந்தது. "நீ நிம்மதியாப் போ. அவனைப் பத்திக் கவலையே படாத."

எஸ்லினுக்குப் படகு கிளம்பிய பிறகுதான் அந்தக் கடைசி வார்த்தை என்னவோபோல் இருந்ததாம். போனவனைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?

அந்த வருடம் மழை நன்றாகப் பெய்தது. ஊரெல்லாம் பச்சை. மேட்டு வீட்டுத் தோட்டம் மட்டும் மஞ்சளாகக் கிடந்தது. வெர்லின் அவ்வப்போது எட்டிப் பார்ப்பாள். லவீனியா மெலிந்துகொண்டே போனாள். உதடு வெடித்திருக்கும். ஆனால் வாயில் எப்போதும் ஒரு முணுமுணுப்புப் பாட்டு. படுக்கப் போகும்போது இரண்டு கூஜா எடுத்துப் போவாள். "எதுக்குப் பெரியம்மா ரெண்டு?" என்றால், "ராத்திரியில தாகமா இருக்குடி" என்பாள். யாருக்கு என்று சொல்ல மாட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால், அடைமழையில், அவள் போய்ச் சேர்ந்தாள். தூக்கத்திலேயே. சிரித்த முகம். உடம்பு காய்ந்த சுரைக்குடுக்கைபோல் இருந்தது. ஒரு பெண்ணே தூக்கிவிடலாம். குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க வெர்லின் பின்கட்டுக்குப் போனாள். முந்தின நாள்தான் தொட்டி வழிந்து முற்றத்தில் ஓடியதை அவளே பார்த்திருந்தாள். மூடியைத் தள்ளி வாளியை விட்டாள்.

டங்.

வெறும் சிமெண்ட். அடியில் வெள்ளையாகப் பூத்திருந்தது.

படுக்கையைச் சுருட்டும்போது தலையணைக்கு அடியிலிருந்து ஒரு துணி முடிச்சு விழுந்தது. பழைய முடிச்சு, கெட்டியாகக் கட்டி, நிறையத் தடவை அவிழ்த்துக் கட்டிய முடிச்சு. உப்பே ஆகாத அந்த வீட்டில், அதற்குள் கல் உப்பு இருந்தது. பாதிக்கு மேல் செலவாகியிருந்தது.

அன்று ராத்திரி எல்லோரும் மருமகளின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் கையை யாரும் பார்க்கவில்லை.

வெர்லின் ஃபோனில் எஸ்லினுக்குச் சொன்னாள். எஸ்லின் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மெதுவாக ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம். "அப்ப... என்கிட்ட இருந்ததை விட அவங்ககிட்ட அதிக நாள் இருந்தானா?"

லவீனியாவுக்கு உப்பில்லாத் தட்டு வைத்து அனுப்பியாயிற்று. அவள் போய்விட்டாள், சந்தேகமில்லை. அவன்? தெரியாது. மேட்டு வீடு பூட்டிக் கிடக்கிறது. அந்தத் தொட்டி அதற்குப் பிறகு வற்றவில்லை. அப்படியென்றால் அவன் அங்கே இல்லை. ஆனால் போனான் என்று சொல்லவும் யாரும் இல்லை. ராத்திரியில் வீட்டுக்குப் போகும்போது திரும்பி நின்று பின்பக்கமாகப் போங்கள், அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.

போதும், களி இறுகிவிடும். நெய்யைத் தொட்டுக்கொண்டு உருட்ட ஆரம்பியுங்கள். ஒரு விள்ளல் கொடு, ருசி பார்க்கிறேன்...

ம்.

யார் இதில் கை வைத்தது?

ஒருவரையொருவர் ஏன் பார்க்கிறீர்கள்? வாயில் போட்டுப் பாருங்கள். ரோஷல்... நீ ஏன் அழுகிறாய்? எல்லோரும் சட்டியைப் பார்க்கிறார்கள், நீ மட்டும் ஏன் உங்கள் வீட்டு மழைத்தொட்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறாய்?